பன்னிரண்டு கிராம்

தராசக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று ஆய்வகத்தில் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வாளியிலும் ஜாடியிலும் வரும் உறுப்புகளையும் கட்டிகளையும் கையெழுத்துப் போட்டு வாங்குவாள். எடை போடுவாள், நீள அகலம் பார்ப்பாள், டாக்டர் அறுத்துப் பார்க்க வசதியாகப் பலகையில் வைப்பாள். பதினாறு வருடமாக இதுதான் அவள் வேலை.

வேலை தெரிந்தவள், அதில் சந்தேகமில்லை. தெரிந்தவள் என்று தனக்குத் தெரிந்ததுதான் வினை. ஜாடியிலிருந்து ஒரு பித்தப்பையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தி ரெண்டு" என்பாள். தராசில் வைத்தால் முப்பத்தொன்று காட்டும், இல்லையென்றால் முப்பத்து மூன்று. புதிதாகப் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளும், இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஜாடியைத் திறப்பாள். மனசு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும்.

கடைத்தெருவிலும் இதே கதைதான். காய்கறிக்காரர் கட்டிக்கொடுத்த பையைத் தூக்கிப் பார்த்து, "இது முக்கால் கிலோதான் இருக்கும், இன்னொரு தடவை போடுங்க" என்பாள். போட்டால் முக்கால் கிலோதான் இருக்கும். அவள் புருஷன் தையல்காரர், அமைதியான மனிதர். அவளோடு கடைக்குப் போவதையே அவர் நிறுத்திவிட்டார். உன் கை மட்டும் தனியாகச் சம்பளம் கேட்கப்போகிறது பார் என்று வீட்டில் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலும் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

அந்தக் கட்டி வந்தது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ஐந்து வயதுப் பெண் குழந்தையுடையது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்ற சின்னச் சுரப்பியில் வந்த புற்றுநோய். குழந்தைகளுக்கு அது வருவது அபூர்வம், அந்த ஆஸ்பத்திரிக்கே நாலைந்து வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். தராசக்கா ஜாடியிலிருந்து அதை வெளியே எடுத்தபோது சுற்றிலும் மஞ்சள் கொழுப்பு கவிந்திருந்தது. கொழுப்பை உரித்துவிட்டுக் கட்டியை மட்டும் எடை போட வேண்டும் என்பது விதி.

தராசு அன்றைக்கு இல்லை. வருடாந்தரச் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் இரண்டு மாடி இறங்கி, மருந்துப் பிரிவில் இருக்கும் தராசில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அதுவும் விதிதான், சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவளே அவள்தான். அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பயிற்சி டாக்டரம்மா கொழுப்பை உரித்து, உரித்ததைத் தொட்டியில் போட்டு, கட்டியைத் துண்டு துண்டாக அறுத்தும் வைத்துவிட்டாள். சின்னப் பெண், ஆர்வக்கோளாறு. "எடை என்ன போடட்டும்க்கா?" என்று எழுதுகோலோடு நின்றாள்.

துண்டுகளைத் திரட்டி ஒரு தட்டில் போட்டு மூடி, கீழே எடுத்துப் போயிருக்கலாம். போய்வர இருபது நிமிடம் ஆகும். மூட்டுவலி ஒரு பக்கம். அதைவிட, அந்தப் பெண் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அது ஒரு பக்கம். கொழுப்போடு கையில் எடுத்தபோது நானூற்று எழுபது இருந்தது. கொழுப்புக்கு அறுபது தள்ளினால் நானூற்றுப் பத்து. ஆனால் நானூற்றுப் பத்து என்று எழுதினால் உத்தேசக் கணக்கு என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். தராசு அப்படி முழுசாகக் காட்டாது.

"நானூத்துப் பன்னண்டு" என்றாள் தராசக்கா, வாய் கூசாமல்.

பத்து வரைக்கும் அவள் செய்தது சோம்பேறித்தனம், திமிர், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மேல் போட்ட அந்த இரண்டு கிராம் பச்சைப் பொய். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

ஒன்பது மாதம் போயிற்று. ஸ்லைடுகளையும் ரிப்போர்ட் நகல்களையும் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டியவர் விடுப்பில் இருந்ததால், ஒரு திங்கட்கிழமை தராசக்காவை அங்கே உட்கார வைத்தார்கள். பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், தோளில் ஒரு பெரிய பை, இடுப்பில் குழந்தை. தூக்கிக்கொள்ளும் வயதைத் தாண்டிய குழந்தைதான். இறக்கிவிட்டால் கால் பின்னியது, இரண்டடி நடப்பதற்குள் சுவரைப் பிடித்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் இன்னொரு அபிப்பிராயம் கேட்க வேண்டும், ஸ்லைடுகள் வேண்டும் என்று சீட்டை நீட்டினாள்.

தராசக்கா ஸ்லைடுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள். அந்தப் பெண் ரிப்போர்ட்டை விரித்து ஜன்னல் பலகையில் வைத்தாள். மடித்து மடித்து நைந்துபோன தாள். அதில் ஒரே ஓர் எண்ணுக்குக் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"எடை போடுறது இங்கதானா?" என்று கேட்டாள்.

தராசக்கா ஆமாம் என்றாள்.

"புள்ளைக்குக் கால் பின்னுறது, வாந்தி எல்லாம் மாத்திரையாலதான். நானூறு கிராமுக்கு மேல போனதாலதான் இந்த மாத்திரைன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு வாரம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா நானூறுக்குக் கீழ இருந்திருக்குமா? உங்களுக்குத் தெரியும்ல, அதான் கேக்கிறேன்."

தராசக்காவுக்குத் தெரியாது. பதினாறு வருடமாக எடை போடுகிறவளுக்கு, அந்தக் கட்டிக்கு நானூறில் ஒரு கோடு இருப்பது தெரியாது. ஒன்பது மாதத்தில் அந்தத் தாய் அதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இந்த நோய் இந்தக் குழந்தைக்கு என்ன செய்யும் என்று கணிக்க டாக்டர்கள் ஒன்பது கேள்வி வைத்திருக்கிறார்களாம். உறையைக் கிழித்திருக்கிறதா, நாளத்துக்குள் போயிருக்கிறதா, எடை நானூறைத் தாண்டியதா, இப்படி. இரண்டுக்கு மட்டும் ஆமாம் என்றால் பெரிய பயமில்லை. மூன்று என்றால் எதுவும் சொல்ல முடியாது. நாலு வந்துவிட்டால் மோசமாகப் போக வாய்ப்பு அதிகம். இவளுடைய குழந்தைக்கு நாலு. நாலாவது, எடை.

பிறகு, கேட்காமலே, அவள் மற்றதையும் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தேக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அந்தக் கட்டி உடம்பில் ஆண்களுக்கான சுரப்பை ஊற்றிவிடும். குழந்தைக்கு மேலுதட்டில் மயிர் கறுத்தது, முகத்தில் பரு வந்தது, குரல் தடித்தது. தாய்க்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புருஷனுடைய ரேசரால் பிள்ளைக்கு வழித்துவிட்டாள். குரலுக்குச் சளி என்று சொல்லிவைத்தாள். ஐந்து மாதம் இப்படியே ஓட்டினாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில். அவருக்கு எல்லாம் தெரிந்தது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான்.

"உன் வெக்கத்தோட எடைதான் அந்தப் பன்னண்டு கிராம்னு சொன்னாரு" என்றாள் அவள். "இப்பல்லாம் அவ்வளவு நீளமாக்கூட சொல்றதில்ல. பாப்பா வாந்தி எடுத்தா, பன்னண்டு கிராம்னு சொல்லிட்டு வெளிய போயிடுவாரு."

தராசக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள், ஆனால் வந்தது வேறு. அப்படியெல்லாம் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளக் கூடாதம்மா, நடந்தது நடந்துவிட்டது என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதல்! அந்தப் பெண் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். தராசக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடியைப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

குழந்தைகளுடைய கட்டிகளில் மிச்சமானதை அந்த ஆய்வகத்தில் ஒன்பது மாதம் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வைத்திருப்பார்கள். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தராசக்கா கிடங்கு அறைக்குள் போய் அந்த வாளியை இறக்கினாள். துண்டுகளை ஒவ்வொன்றாக வடித்துத் தராசில் வைத்தாள். வைக்கும்போது அவள் மனசு என்ன வேண்டிக்கொண்டது தெரியுமா? நானூறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று. ஐந்து வயதுக் குழந்தையின் புற்றுநோய் இன்னும் பெரியதாக இருந்திருக்க வேண்டும், தன் கை தப்பாகப் போயிருக்கக் கூடாது. அப்படி ஓர் ஆசை தனக்குள்ளிருந்து கிளம்பியதை நினைத்து அவள் பிற்பாடு பட்ட வெட்கம், பொய் எழுதியதற்காகப் பட்டதைவிட அதிகம்.

தராசு முந்நூற்றுப் பதினெட்டில் நின்றது. பரிசோதனைக்கு வெட்டியெடுத்த துண்டுகள் இருபத்து நாலு, ஒவ்வொன்றும் ஒரு கிராம், ஒன்றரை கிராம். உறைய வைத்து அனுப்பியது எட்டு கிராம் என்று பதிவேட்டில் இருந்தது. ஃபார்மலினில் ஊறினால் எடை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். எப்படி இழுத்துப் பிடித்துக் கூட்டினாலும் முந்நூற்று எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. நாலு முறை கூட்டினாள், நானூறு வரவே இல்லை.

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டாள்! மாத்திரை நல்லதுதானே செய்யும், கட்டி திரும்ப வரவில்லையே. மூன்று என்றாலும் சில டாக்டர்கள் மாத்திரை கொடுத்திருப்பார்கள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பிள்ளை பட்டதெல்லாம் திரும்பவா போகும்? வீட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று புருஷன் கேட்டதற்கு, தலைவலி என்றாள். அவர் தைலத்தைக் கொண்டுவந்து வைத்தார், அவளுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மாதக் கடைசியில் அப்புறப்படுத்த வேண்டிய ஜாடிகளின் பட்டியல் அவள் மேஜைக்கு வந்தது. வழக்கமாகப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். ஏழாவது வரியில் அந்த வாளி இருந்தது. கையெழுத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் எரித்துவிடுவார்கள். ஸ்லைடை எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாலும் அதில் செல்லைப் பார்க்கலாம், எடையைப் பார்க்க முடியாது. எடைக்கு உலகத்தில் இருப்பது இரண்டே சாட்சி, ஒன்று வாளி, இன்னொன்று அவள். வாளி போய்விட்டால், அந்தத் தாய் செத்துப்போகும் வரைக்கும் பன்னிரண்டு கிராமைத் தூக்கிக்கொண்டு அலைவாள், யாரும் அவளுக்கு மறுத்துச் சொல்ல முடியாது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தராசக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த ஏழாவது வரியை மட்டும் அடித்துவிட்டு, பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

பெரிய டாக்டரம்மா அந்த ஆய்வகத்தின் தலைவி. ரிப்போர்ட்டில் கடைசிக் கையெழுத்து அவருடையது. தராசக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அந்த இரண்டு கிராம் உட்பட. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கையால பார்த்து எழுதினது இது ஒண்ணுதானா? இன்னும் எத்தனை இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். தராசக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தராசு இல்லாத நாட்கள், தராசு இருந்தும் கூட்டமான நாட்கள், பித்தப்பை, குடல்வால், எடை எவ்வளவு இருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது என்று அவளே முடிவு செய்துகொண்ட சாமான்கள். முப்பது இருக்கலாம், நாற்பது இருக்கலாம், எண்ணி வைக்கவில்லை என்றாள். எழுதிக் கொடுங்கள் என்றார் பெரிய டாக்டரம்மா. இத்தனை வருடமாக அவளை அக்கா என்று கூப்பிட்டவர், அன்றைக்கு எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

வாளியை எடுத்து, இரண்டு பேர் சாட்சியாக நின்று, மறுபடி எடை போட்டார்கள். திருத்திய ரிப்போர்ட் போயிற்று. குழந்தையின் டாக்டர் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசினார். நாலு மூன்றாகிவிட்டது. மூன்று என்றால் எதுவும் சொல்ல முடியாது என்ற இடம். ஒன்பது மாதத்தில் எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருந்தன. இன்னும் ஒரு வருடம் கொடுப்பதாக இருந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். மாத்திரைதான் இதுவரை காப்பாற்றியதா, அது தேவையே இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

தாயை வரச்சொல்லியிருந்த நாளில் தராசக்கா, தானும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. அவர் தாயிடம், எடையில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது என்று நல்ல சுத்தமான சொற்களில் ஆரம்பித்தார். தாய் முழுக்கக் கேட்டுவிட்டு, எடை போட்டது யார் என்றாள். டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றாள் தராசக்கா. "தராசுல போடல. கையில பார்த்த மாதிரி எழுதிட்டேன். நானூறு இல்ல, முந்நூத்தி எழுபதுதான் இருக்கும். பன்னண்டு கிராம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அன்னிக்கு ஜன்னல்ல நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

தாய்க்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது. தனக்கு ஆறுதல் சொன்ன ஆள் இவள்தான் என்று அடையாளம் கண்டுகொண்டாள். திட்டவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு வெளிய உக்காந்திருக்காரு. அவர்கிட்ட வந்து சொல்வீங்களா?"

தாழ்வாரத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர், உள்ளே கூப்பிடலாமே என்றார். தாய் அதைக் காதில் வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், தராசக்கா பின்னால் போனாள்.

அவர் கடைசி நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருத்த ஆள். பக்கத்து நாற்காலியில் மனைவி குழந்தையோடு உட்கார்ந்தாள். தராசக்கா நின்றுகொண்டு, உள்ளே சொன்னதையே மறுபடியும் சொன்னாள். தன் வேலையைச் சொன்னாள், செய்த தப்பைச் சொன்னாள், சரியான எடையைச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் பேச்சு நின்றுபோயிற்று. யாரோ ஒருவர் குழந்தையை எட்டிப் பார்த்தார். தராசக்காவுக்குக் காதெல்லாம் சுட்டது, ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அதுவும் ஒரு ஒளிப்பு என்று தோன்றியது.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார், பார்வை அங்கே நிற்க முடியாமல் திரும்பித் தராசக்காவிடமே வந்தது.

"ஒன்பது மாசம். இந்த எண்ணை வச்சுக்கிட்டு இவளை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? சோறு போடும்போதுகூடப் பேசியிருக்கேன். எல்லாம் உங்களால."

தராசக்கா தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. இதற்காகத்தான் வந்தாள். எல்லாவற்றையும் தன் தலையில் போடட்டும், இன்னும் நாலு வார்த்தை கேட்கட்டும், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

தாய் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். குரலை உயர்த்தவில்லை, புருஷனைப் பார்க்கவும் இல்லை.

"அவங்க எடையைத்தான் தப்பா எழுதினாங்க" என்றாள். "பேசினது நீங்க. ஒளிச்சது நான்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். தராசக்கா அந்த இடத்திலேயே நின்றாள், போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை. குழந்தை விழித்துக்கொண்டு, யாரு இவங்க என்று தடித்த குரலில் கேட்டது.